கஷாயமும் மூச்சுக் கணக்கும்

மைசூரு அரண்மனைக்குத் தெற்குப் பக்கம் அக்ரஹாரம் இருக்கிறது. பழைய காலத்துத் தெருக்கள். அக்ரஹாரம் என்றால் என்ன? அந்தக் காலத்து அரசர்கள் வேதம் படித்த குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கொடுத்துக் குடியேற்றினார்கள். அப்படிக் குடியேறிய இடத்துக்கு அக்ரஹாரம் என்று பெயர். இன்று அங்கே எல்லா மக்களும் வாழ்கிறார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் அதிகம். தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

மைசூரு மேட்டு நிலத்தில் உள்ள ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 760 மீட்டர் உயரம். மார்கழி மாதம் சென்னையில் மின்விசிறி போட்டுத் தூங்குவார்கள். மைசூருவில் கம்பளி தேடுவார்கள். மார்கழியிலும் தையிலும் இரவு வெப்பம் 16 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆனி, ஆடியில் சாரல் மழை வேறு. இந்த மாதங்களில் வீட்டுக்கு ஒருவராவது தும்முவார், இருமுவார்.

அப்போது சமையலறையில் கஷாயம் கொதிக்கும். துளசி, மிளகு, சுக்கு வாசனை தெரு வரைக்கும் வரும்.

இந்தக் கஷாயம் நல்லதா? நல்லதுதான். எப்படிச் செய்வது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எப்போது கஷாயத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் பல வீடுகளில் பாட்டிகளுக்குத் தெரியும். மூன்றாவதுதான் பல வீடுகளில் தெரிவதில்லை.

சளி ஏன் பிடிக்கிறது?

குளிர்ந்த காற்று பட்டால் சளி பிடிக்கும் என்கிறோம். காற்று மட்டும் காரணம் இல்லை. வைரஸ் என்ற மிக மிகச் சிறிய கிருமிதான் காரணம். கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் தும்மும்போது காற்றில் பரவும். மூக்கைத் துடைத்த கையால் கதவைத் தொட்டால் கதவில் ஒட்டும். குளிர் காலத்தில் நாம் கதவு, ஜன்னலை மூடிக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி இருக்கிறோம். அதனால் ஒருவரிடம் இருந்து மற்றவருக்குச் சீக்கிரம் தொற்றிக்கொள்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சளி தொற்றுவது குறையும்.

சாதாரணச் சளி தானாகவே சரியாகும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உடம்பே கிருமியோடு போராடி அதை வெளியேற்றும். சளிக்கு உடனே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோமே, அது வைரஸைக் கொல்லாது. அது வேறு வகைக் கிருமிக்கான மருந்து. காசுதான் வீண்.

அப்படியானால் கஷாயம் கிருமியைக் கொல்லுமா? கொல்லாது. அது வேறு வேலை செய்கிறது. சூடான நீர் தொண்டையை இதமாக்கும். கட்டிய சளியை இளக்கும். காய்ச்சலில் வற்றிய உடம்புக்கு நீர் சேரும். மிளகும் இஞ்சியும் மூக்கைத் திறந்துவிட்டது போல இருக்கும். நோயாளி ஒரு டம்ளர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அதுவே பெரிய உதவி.

கடையில் என்ன பெயர்?

அக்ரஹாரத்தில் இருந்து தேவராஜ மார்க்கெட்டுக்கு அதிக தூரம் இல்லை. நூறு ஆண்டுக்கு மேலான சந்தை அது. தமிழ்நாட்டில் நாம் நாட்டு மருந்துக் கடை என்கிறோம். மைசூருவில் அதற்குக் கிரந்திகெ அங்கடி என்று பெயர். அங்கடி என்றால் கடை. அங்கே போய்த் தமிழில் கேட்டால் சில சமயம் புரியாது. கன்னடப் பெயர்களையும் தெரிந்துகொள்வது நல்லது.

இஞ்சிக்குக் கன்னடத்தில் சுண்டி. சுக்குக்கு ஒண சுண்டி. ஒண என்றால் காய்ந்தது. மிளகுக்கு மெணசு. கறுப்பு மிளகு வேண்டும் என்றால் கரிமெணசு என்று கேட்க வேண்டும். சீரகம் ஜீரிகெ. மல்லி விதை கொத்தம்பரி பீஜ. திப்பிலி ஹிப்பலி. அதிமதுரம் ஜேஷ்டமது. மஞ்சள் அரிசின. தேன் ஜேனு துப்ப. துப்ப என்றால் நெய். தேனைத் தேனீயின் நெய் என்கிறார்கள். அழகான பெயர்தான்! வெல்லத்துக்கு பெல்ல. துளசிக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே பெயர்.

மஞ்சள் தூளைப் பொட்டலமாக வாங்காமல் முழு மஞ்சளாக வாங்கி அரைப்பது நல்லது. சில இடங்களில் நிறம் கூட்டுவதற்காக ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

கஷாயப் பொடி

கர்நாடகத்தில் பல வீடுகளில் கஷாயப் பொடி எப்போதும் டப்பாவில் இருக்கும். சளி வரும்போது மட்டும் இல்லை. காலையில் காபிக்குப் பதிலாகவும் குடிப்பார்கள்.

வேண்டிய பொருள்கள்: மல்லி விதை 100 கிராம், சீரகம் 50 கிராம், மிளகு 25 கிராம், சுக்கு 25 கிராம்.

சுக்கைத் தட்டிச் சிறு துண்டாக்கவும். இரும்பு வாணலியை அடுப்பில் வைக்கவும். தீ குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வறுக்கவும். எண்ணெய் வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து வறுத்தால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். வாசனை வந்ததும் இறக்கவும். நன்றாக ஆறிய பின் பொடி செய்யவும். சூட்டோடு டப்பாவில் போட்டால் உள்ளே ஈரம் பூக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஈரக் கரண்டியையும் உள்ளே விடக்கூடாது. டப்பாவின் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள். "கஷாயப் பொடி" என்று எழுதுங்கள். செய்த தேதியையும் எழுதுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் வாசனை போகாது.

குடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடி போடவும். சிறிது வெல்லம் சேர்க்கவும். ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டவும். பிடித்தால் பால் சேர்க்கலாம். பெரியவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை குடித்தால் போதும். காரம் அதிகமானால் வயிறு எரியும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

துளசியும் தொட்டபத்ரெயும்

உடனே வேண்டும் என்றால் துளசிக் கஷாயம். பத்துத் துளசி இலை, தட்டிய மிளகு நான்கு, சுண்டு விரல் நுனி அளவு இஞ்சி. இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை மூடிக் கொதிக்க வையுங்கள். ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் இறக்குங்கள். ஏன் மூட வேண்டும்? துளசியின் வாசனை எண்ணெய் ஆவியோடு பறந்துவிடும். மூடினால் கஷாயத்திலேயே நிற்கும்.

கற்பூரவள்ளி தெரியும் அல்லவா? தடித்த இலை, ஓமத்தின் வாசனை. மைசூருவில் அதற்குத் தொட்டபத்ரெ என்று பெயர். பெரிய இலை என்று பொருள். ஒரு கிளையை ஒடித்துத் தொட்டியில் நட்டால் வளர்ந்துவிடும். மூன்று இலையைக் கழுவி, சூடான தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்தால் சாறு வரும். அந்தச் சாற்றோடு தேன் கலந்து கொடுப்பார்கள். இந்த இலையைத் தேங்காய், மிளகு, சீரகத்தோடு அரைத்து மோரில் கலந்தால் அதன் பெயர் தம்புளி. சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். மருந்து என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள் தம்புளியை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள்.

ஆடாதோடை இலையும் இருமலுக்குப் பழைய மருந்து. கன்னடத்தில் ஆடுசோகெ. அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை ஆராய்ந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் ஆங்கில மருந்தைச் செய்தார்கள். பாட்டி வைத்தியம் வெறும் நம்பிக்கை இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக்கூடாது. இலை என்றால் கெடுதல் செய்யாது என்பது தவறு. வேலை செய்கிற இலை எதுவும் அளவு மீறினால் கெடுதலும் செய்யும். அதிமதுரமும் அப்படித்தான். தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

தொண்டை வலிக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். செலவே இல்லை.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்காராதீர்கள். ஒரு கால் உதைத்தால் போதும், வெந்நீர் கொட்டிவிடும். சளி பத்து நாளில் போகும். வெந்த தழும்பு போகாது.

குழந்தைக்கு எது ஆகாது?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. கஷாயம் ஒரு சொட்டும் வேண்டாம். சளி பிடித்த குழந்தை ஒரே மூச்சில் அதிகம் குடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்புக் கலக்கவும். சுத்தமான மெல்லிய துணியைத் திரியாகச் சுருட்டி, அதில் நனைத்து மூக்கைத் துடைக்கவும். உப்பு நீரைத் தினமும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஒரு வயது ஆகும் வரை தேன் கொடுக்கக்கூடாது. நாக்கில் தடவவும் கூடாது. தேனில் சில சமயம் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்களின் குடல் அதைச் சமாளிக்கும். சிறு குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தையின் தசைகள் தளர்ந்துபோகும். மூச்சும் நின்றுபோகலாம். ஒரு வயது தாண்டிய பிறகு தேன் நல்ல மருந்து. தூங்கும் முன் அரைத் தேக்கரண்டி கொடுத்தால் இரவு இருமல் குறையும்.

குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்த் தங்கி நிமோனியாவை உண்டாக்கும். இதை விட்டுவிட வேண்டும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பில் தேய்ப்பதும் சிறு குழந்தைக்கு ஆகாது. கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரும். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். தலை காயும் என்கிறோம். ஆனால் புகை குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறதே! துண்டால் துவட்டினாலே தலை காய்ந்துவிடும்.

பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் அன்போடு செய்தவை இவை. அன்று யாருக்கும் இது தெரியாது.

மூச்சை எண்ணுவது எப்படி?

சளி சில குழந்தைகளுக்கு நுரையீரலில் இறங்கிவிடும். அதுதான் நிமோனியா. உலகத்தில் சிறு குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் தொற்று நோய்களில் முதல் இடம் இதற்குத்தான். நிமோனியாவைக் கஷாயம் குணப்படுத்தாது. சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடும். ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று எப்படி அறிவது? எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாகச் சளி என்று வைத்துக்கொள்வோம். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்கள்.

"அத்தை, குழந்தை வேகமா மூச்சு விடுது. வயிறு ஏறி இறங்குது பாருங்க."

"சளி கட்டியிருக்கும்மா. தொட்டபத்ரெ சாறு ஒரு வேளை கொடுத்தாச் சரியாயிடும்."

"கொஞ்சம் இருங்க அத்தை. தூங்குறப்பவே எண்ணிப் பாத்துடலாம். நீங்க கடிகாரத்தைப் பாருங்க. ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லுங்க."

மருமகள் குழந்தையின் சட்டையை மேலே தூக்குகிறாள். மார்பும் வயிறும் ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. எண்ணிக்கொண்டே வருகிறாள்.

"ஆச்சும்மா. எவ்வளவு?"

"ஐம்பத்தாறு."

"அது அதிகமா?"

"ஆமாம் அத்தை. இந்த வயசுக்கு ஐம்பது வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அப்போ ஏன் நிக்கறே? நான் கம்பளியை எடுத்துண்டு வரேன். நீ ஆட்டோவைக் கூப்பிடு."

அந்த வீட்டில் ஒரு நிமிடம்தான் செலவானது. நாமும் இதைச் செய்யலாம். குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக்கூடாது. அமைதியாக இருக்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தவறு வரும்.

கணக்கு இதுதான்:

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த எண் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இதைத் தனிக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கஷாய டப்பாவின் பக்கத்தில் ஒட்டலாம். கஷாயம் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

எண் குறைவாக இருந்தாலும் சில அடையாளங்களைப் பார்த்தால் நிற்கக்கூடாது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்ளே குழிவது. பால் குடிக்க முடியாமல் போவது. குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பது. வலிப்பு. எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது. உதடு நீலம் பூப்பது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே போக வேண்டும்.

மைசூருவில் செலுவாம்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை. வண்டி கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் செய்யலாம். காசு இல்லை.

நிமோனியாவின் ஒரு முக்கியமான கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. 2021 முதல் அது நாடு முழுவதும் அரசு தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். அங்கன்வாடியில் கேட்டால் தேதி சொல்வார்கள்.

பாட்டில் மருந்து

"கஷாயம் எதற்கு, கடையில் இருமல் டானிக் வாங்கினால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் என்ன நடந்தது? ஓர் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் பொருள் அது. அந்த அக்டோபர் மாதமே மத்திய அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக்கூடாது என்றது. ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்றும் சொன்னது.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பாட்டில் மருந்து. அப்போதும் பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். காலாவதித் தேதி எது? எத்தனை வயதுக்கு? எத்தனை மில்லி? புரியாவிட்டால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அண்டை வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய மீதி மருந்தை நம் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு

வீட்டுத் தாத்தா இருமிக்கொண்டே இருப்பார். "எனக்குக் கஷாயம் போதும்" என்பார். எத்தனை நாள் என்று எண்ணுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோயாக இருக்கலாம். மாலையில் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம் ஆகியவையும் இருந்தால் ஒரு நாளும் தள்ளக்கூடாது. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை முழுதாகச் சாப்பிட்டால் குணமாகும்.

சித்த, ஆயுர்வேத மருந்துதான் வேண்டும் என்கிறவர்களும் படித்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். மைசூருவில் சயாஜி ராவ் சாலையில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. 1908-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கியது. அங்கே மருத்துவமனையும் உண்டு. சர்க்கரை நோய்க்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் சீட்டையும் கையில் எடுத்துப் போக வேண்டும். வீட்டில் என்ன கஷாயம், எத்தனை வேளை என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.